வியாகுலம்மாள் பார்க்காமல் விட்ட பிணம்

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் எந்த மூலையில் பேர் தெரியாத ஆண் பிணம் ஒதுங்கினாலும் வியாகுலம்மாள் போய்ப் பார்ப்பாள். கிணற்றில் மிதந்தது, தண்டவாளத்தில் கிடந்தது, புளியமரத்தில் தொங்கியது, எதுவானாலும் சரி. காதில் விழுந்தால் போதும், கருவாட்டுக் கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். செம்பட்டி, வத்தலக்குண்டு, வடமதுரை என்று சந்தை சந்தையாகப் போகிறவள். அதனால் சேதி அவளுக்குச் சீக்கிரம் வந்து சேரும். போலீஸ்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'பொணம் பாக்குறவ'. அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள்.

"வந்துட்டியா? பொணத்துக்கு முந்தி ஓன் வாசம் வந்துருச்சு" என்பார் ஏட்டு மலைச்சாமி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ஏட்டய்யா, என் கூடையில கெடக்குறது உப்புப் போட்டது. நீங்க வச்சிருக்கறதுக்கு அதுவும் கெடையாது. துணிய வெலக்குங்க."

"மொகத்தப் பாத்தா ராத்திரிக்குச் சோறு எறங்காது தாயி."

"மொகம் யாருக்கு வேணும்? காலக் காட்டுங்க."

இடது காலைத்தான் பார்ப்பாள். பெருவிரலுக்கு அடுத்த விரல் முழுசாக இருந்தால், "இது இல்ல" என்று ஒரு வார்த்தை. பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டு, முன்பின் தெரியாத அந்த ஆத்துமத்துக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வாள். சொல்லி முடித்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு மறுபடி சந்தைக்கு. அழுது யாரும் பார்த்ததில்லை.

அவள் தேடியது புருசனை. புருசன் உயிரோடு வரவேண்டும் என்று தேடுகிற பெண்டாட்டியை ஊர் பார்த்திருக்கிறது. செத்துப்போனான் என்று சாதிக்கிற பெண்டாட்டியைப் பார்த்ததில்லை. அதனால்தான் ஊருக்கு அவளைக் கண்டால் ஆகவில்லை.

வத்தலக்குண்டு ரோட்டை ஒட்டி, தோல் பதனிடும் ஷாப்புகள் முடிகிற இடத்தில் சவேரியார்புரம் என்று கிறிஸ்தவர்கள் இருக்கிற ஒரு வேதக்காரத் தெரு உண்டு. அங்கே கஸ்பாருக்கும் அவனுடைய சித்தப்பன் மகன் ராயப்பராஜுக்கும் பாகம் பிரிக்காத தோட்டம் ஒன்றும், அதில் வற்றாத கிணறு ஒன்றும் இருந்தன. கஸ்பார் பேச்சுக் குறைந்த ஆள். வெங்காயம் போடுவான், மாட்டோடு பேசுவான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி வரிசையில் முட்டி போடுவான். ஒருமுறை ஏர் ஓட்டும்போது கொழு இறங்கி இடது கால் விரல் பாதி போய்விட்டது. அதையும் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. பிள்ளை இல்லை.

ராயப்பராஜ் வேறு மாதிரி. ரயிலடியிலிருந்து தோல் ஷாப்புகளுக்கு வண்டியில் பச்சைத் தோல் ஏற்றி அடிப்பான். தோல் மண்டி சாயபுமார்களோடு பழகிப் பழகிக் கைலியும் அகலமான பச்சை பெல்ட்டும் அவனுக்கும் உடம்போடு ஒட்டிக்கொண்டன. பாரம் ஏற்றுகிறவனுக்கு இடுப்புப் பிடிக்காமல் இருக்கும் என்பான். ஆள் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். "மதினி, மதினி" என்று வியாகுலம்மாளைச் சுற்றி வருவான். கருவாடு பொரித்தால் வாசம் பிடித்துக்கொண்டு வந்து நிற்பான். அவளும் வஞ்சனை இல்லாமல் வெஞ்சனம் வைப்பாள்.

ஐம்பத்தஞ்சாம் வருசம் தோல் வியாபாரி ஒருவர் அந்தத் தோட்டத்தைக் கிணற்றோடு சேர்த்துக் கேட்டார். ஷாப்பு கட்டுவதற்கு. ராயப்பராஜுக்கு வாயெல்லாம் பல். கஸ்பார் முடியாது என்றுவிட்டான்.

"தோலு ஊறுன தண்ணிய எறைச்சா வெங்காயம் வெளையுமா? மாடு வாய வைக்குமா? நம்ம கெணறு மட்டுமா போகும், தெருக் கெணறு அம்புட்டும் போகும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அண்ணன் தம்பிக்குள் முகம் கொடுத்துப் பேசுவது நின்றது. அந்த மாதமே ஒரு நாள் காலையில், விதை வெங்காயம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிய கஸ்பார் திரும்பவில்லை.

முதலில் தேடியவன் ராயப்பராஜ்தான். வண்டி கட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரம் வரைக்கும் போனான். வந்து மதினி முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் ஒரு பேச்சுக் கிளம்பியது. கஸ்பாரைக் கோலார் பக்கம் ஒரு பொம்பளையோடு பார்த்ததாக ஒரு லாரி டிரைவர் சொன்னானாம். எந்த டிரைவர், எந்த லாரி என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை இல்லாதவள் வீட்டை விட்டு ஆம்பளை போனால் ஊருக்கு அது கதையாகவே தெரியாது, நடக்கவேண்டியது நடந்ததாகத்தான் தெரியும்.

வியாகுலம்மாள் மட்டும் கேட்டாள்.

"யாருய்யா அந்த டிரைவரு? கூட்டிட்டு வா."

"போற வர்றவன் சொன்னது மதினி. அவன எங்க போயிப் புடிக்க?"

"அப்படின்னா அவன் சொன்னது பொய்யி. என் வீட்டுக்காரரு செத்துப்போனாரு. உசுரோட இருந்தா வெங்காயம் புடுங்குற நேரத்துக்கு வந்துருப்பாரு."

பெண்டுகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். தாலி கழுத்தில் தொங்க, நடுத்தெருவில் நின்று புருசன் செத்தான் என்று சொல்கிறாள். சாமியாரிடம் போய், ஆத்துமப் பூசை வையுங்கள், துக்கமணி அடியுங்கள் என்று கேட்டாள். சாமியார் நல்லவர். உடம்பும் இல்லாமல் சாட்சியும் இல்லாமல் எப்படியம்மா மணி அடிப்பது என்றார்.

"அப்ப உடம்பக் கொண்டாந்தா அடிப்பீங்களா சாமி?"

"கொண்டு வந்தால் அடிப்பேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவள்தான். அன்றைக்கே தேட ஆரம்பித்துவிட்டாள்.

இதில் ஒரு பிணத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. அவள் இப்படித் தேட ஆரம்பிப்பதற்கு முன்பே, கஸ்பார் போன அதே வாரம், தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் பாழுங்கிணறு ஒன்றில் ஒரு பிணம் மிதந்தது. சேதி கேட்டு அவளும் கிளம்பி ஓடினாள். பாதி வழியில் எதிரே வந்த பெண்ணொருத்தி, "நீ எதுக்குப் போற? கைலியும் பச்சை பெல்ட்டுமா இருக்கு. சாயபு வீட்டு ஆளு. பேகம்பூர்க்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள். மீன் முகத்தைத் தின்றுவிட்டது, கிட்டே நிற்க முடியவில்லை, டாக்டர் கிணற்றடியிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போய்விட்டார், தவறி விழுந்து மண்டை படிக்கல்லில் அடித்துச் செத்த வெளியூர் சாயபு என்று எழுதி முடித்துவிட்டார்கள் என்று கூடுதலாகவும் சொன்னாள். வியாகுலம்மாள் அந்த சாயபுக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

வருசங்கள் ஓடின. ராயப்பராஜ் தோட்டத்தைத் தன் பாட்டுக்குப் பயிர் செய்தான். வியாபாரி அவ்வப்போது ஆள் அனுப்பினார். கஸ்பார் பக்கத்துக் கைநாட்டு இல்லாமல் விற்க முடியாது. ராயப்பராஜ் கெஞ்சிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான், பங்காளிகளைக் கூட்டி வைத்துப் பேசிப் பார்த்தான்.

"ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு இம்புட்டு வீம்பு ஆகாது" என்றார் ஒரு பெரியவர்.

"ஓடிப்போனவன் பொண்டாட்டியா இருந்தா ஆகாதுதான். நான் செத்தவன் பொண்டாட்டி. அவரு வேணாம்னு சொன்னத நான் வேணும்னு சொல்ல மாட்டேன். எந்திரிச்சுப் போங்க, எனக்குச் சந்தைக்கு நேரமாச்சு."

கூரையைப் பிரித்துப் போட்டார்கள். தானே மேய்ந்துகொண்டாள். கிணற்றுக்குப் போகிற தடத்தில் முள் வெட்டிப் போட்டார்கள். கருவாட்டுச் சாக்கை அதன் மேல் விரித்துப் போட்டு நடந்து போய்த் தண்ணீர் எடுத்தாள். கல்லறைத் திருநாளன்று தெருவே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றும். அவளும் ஒரு மெழுகுவத்தியோடு போவாள். வைக்கக் கல்லறை கிடையாது. வாசல் கதவோரம் தரையில் ஏற்றி வைத்துவிட்டு, அது எரிந்து முடிகிற வரைக்கும் போகிற வருகிறவர்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

அறுபத்து நாலில், வடமதுரை ரயில் பாதையோரம் ஒரு பிணம். வியாகுலம்மாள் சந்தையில் இருந்தாள். நெத்திலியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஓடினாள். காலைப் பார்த்தாள். விரல் இருந்தது. "இது இல்ல" என்று சிலுவை போட்டுக்கொண்டிருக்கும்போது, பேகம்பூரிலிருந்து மைதீன் பிச்சை வந்து இறங்கினார். செத்தவன் சட்டைப் பையில் தொப்பி ஒன்று இருந்ததால் ஜமாத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மைதீன் பிச்சை தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவர். ஜமாத்தில் ஆண் மையத்து விழுந்தால் குளிப்பாட்டுகிறவரும் அவர்தான். மையத்து என்றால் அவர்கள் பேச்சில் பிணம். மற்றவர்கள் ஒதுங்குகிற அழுகிப்போன உடம்பையும் முகம் சுளிக்காமல் குளிப்பாட்டுவார் என்று பெயர். வந்தவர் பிணத்தின் இடுப்பில் ஒரு துணியைப் போர்த்தி, அதற்கடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"நம்மாளு இல்ல."

"தொப்பி இருக்கே பாய்" என்றார் மலைச்சாமி. பிணத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டும் அவருக்கு.

"தொப்பிய எவனும் பையில வச்சுக்கிடலாம். பெல்ட்ட நம்பி ஒருக்கா எடுத்துட்டுப் போனது போதும்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஏட்டு கவனிக்கவில்லை. வியாகுலம்மாளுக்கு மட்டும் அந்த வார்த்தை முள் மாதிரி ஏறியது.

"பாய். ஒருக்கான்னா எப்ப?"

"எப்பவோ. ஓன் வேலையப் பாரும்மா."

"எந்தக் கெணறு?"

அவர் திரும்பிப் பார்த்தார். கிணறு என்று அவர் சொல்லவே இல்லை. நேராகப் போய் பஸ்ஸில் ஏறிவிட்டார். அவளும் ஏறி, அவர் பக்கத்து சீட்டில் கூடையோடு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா, கருவாட்டக் கூரை மேல போடும்மா. குடலப் பெரட்டுது" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"வீட்டுல கருவாடு இருந்தா ரெண்டு தட்டு சோறு கூடத் திங்கிற. பஸ்ஸுல நாறுதா ஒனக்கு?" என்றாள். பஸ் சிரித்தது. மைதீன் பிச்சை சிரிக்கவில்லை. திண்டுக்கல் வந்து சேருகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கி விறுவிறு என்று பேகம்பூருக்கு நடந்தார். அவளும் பின்னாலேயே நடந்தாள். அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்த, அவள் வாசலில் கூடையை இறக்கிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. அவர் சம்சாரம் காதர் பீவி எட்டிப் பார்த்தார்.

"யாரு புள்ள நீ? நெத்திலி இருக்கா?"

"இருக்கு அக்கா. ஆனா விக்க வரல. ஒங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு பொணத்தக் கேட்டு வந்திருக்கேன்."

காதர் பீவி இவளைப் பைத்தியமோ என்று பார்த்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுத் தானும் எதிரில் உட்கார்ந்தார். வியாகுலம்மாள் சொன்னாள். தோட்டம், விதை வெங்காயம், கோலார், சாமியார், எல்லாம். உள்ளேயிருந்து மைதீன் பிச்சை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் நிலைப்படியில் வந்து நின்றார்.

"இந்தா பாரும்மா. குளிப்பாட்டுறவன் கண்ட உடம்ப வெளிய சொல்லக்கூடாது. நல்லது கண்டாச் சொல்லலாம். கொறை கண்டா மண்ணோட போகணும். அது எங்க மார்க்கம். எனக்குச் சொல்லிக் குடுத்தவரு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. இத்தன வருசம் நான் வாயத் தொறந்ததில்ல."

"தொறக்க வேணாம் பாய். செத்தவன் மானத்த மூடி வைக்கச் சொல்லியிருக்காங்க, நல்ல சட்டம். கொன்னவன் மானத்தையும் சேத்து மூடச் சொல்லியிருக்கா?"

அவர் ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன், என் வீட்டுக்காரரு உடம்ப. தப்பாச் சொன்னா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் கூடையத் தூக்கிட்டுப் போயிட்டே இருக்கேன். இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

காதர் பீவி புருசனைப் பார்த்தார். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போ என்று சொல்லவில்லை.

"இடது காலு ரெண்டாவது வெரலு பாதிதான். கொழு வெட்டுனது."

அவர் பேசவில்லை.

"முதுகுல, ரெண்டு பட்டைக்கும் நடுவுல, எலுமிச்சங்காய் மாதிரி ஒரு கொழுப்புக் கட்டி. தொட்டா உருளும்."

பேசவில்லை.

"வலது தொடையில உள்பக்கம் ஒரு சூட்டுத் தழும்பு. சின்னதுல காமாலைக்குப் போட்டது."

தெருவில் போன இரண்டு ஆம்பளைகள் நின்றார்கள். பொம்பளை ஒருத்தி நடுவாசலில் உட்கார்ந்து புருசன் தொடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காதர் பீவி, "மெதுவாப் புள்ள" என்றார்.

"எதுக்கு அக்கா மெதுவா? ஒம்பது வருசமா என்னப் பத்தி ஊரு மெதுவாவா பேசுச்சு?" என்றவள் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். "வேதக்காரரு. சுன்னத்துக் கெடையாது. இல்லன்னு சொல்லுங்க பாய்."

மைதீன் பிச்சை அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கூட நின்ன ரெண்டு பேரும் நாத்தம் தாங்காம வெளிய போயிட்டாங்க. நான் ஒத்தையில, துணிக்கு அடியில கைய விட்டுத்தான் கழுவுனேன். கையிலதான் தெரிஞ்சுச்சு. வெளிய ஜனாசா தொழுகைக்கு ஆளுக நிக்கிறாங்க. சொல்லியிருந்தா என்ன ஆகும்? திருப்பித் தூக்கிட்டுப் போயி முனிசிபாலிட்டிக் குழியில தள்ளியிருப்பானுக. குளிப்பாட்டுன உடம்பும்மா. பாதிக் கழுவி எப்படித் தூக்கி எறிய? வாய மூடிக்கிட்டு கஃபன் துணி சுத்திட்டேன். அல்லா கேட்டா அப்பச் சொல்லிக்கிடலாம்னு." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "மண்டை ஒடைஞ்சிருந்தது பின்பக்கம். ஒரு தரம் விழுந்த அடி இல்ல அது" என்றார்.

வியாகுலம்மாள் கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று காதர் பீவி கை நீட்டினார். அவள் அழவில்லை.

"பெல்ட்டுன்னு சொன்னீங்களே. அவரு வேட்டிதான கட்டுவாரு. பெல்ட்டு ஏது?"

மையத்து உடம்பில் கிடந்த துணிமணி குளிப்பாட்டுகிறவருக்குத்தான் சேரும். கைலியை மைதீன் பிச்சை எரித்துவிட்டார். பெல்ட்டைக் கட்டிக்கொள்ளவும் மனசில்லை, எறியவும் மனசில்லை. கூரை வாரையில் சொருகி வைத்திருந்தார். காதர் பீவி போய் எடுத்து வந்தார். பச்சை மங்கிப்போயிருந்தது. பெல்ட்டின் பை ஓரம் கிழிந்து, தடித்த கறுப்பு நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருந்தது.

அதைக் கொடுக்க வந்த காதர் பீவி பாதியில் நின்றார். பெல்ட்டைப் பார்த்தார். கீழே கூடைக்கடியில் கிடந்த கருவாட்டுச் சாக்கைப் பார்த்தார். சாக்கின் வாயிலும் அதே கறுப்பு நூல், அதே சிலுவை சிலுவையான தையல்.

"ஏங்க, இங்க பாருங்க. இது ரெண்டும் ஒரே கை" என்றார். பிறகு வியாகுலம்மாளைப் பார்த்து, குரல் மாறி, "நீ தச்சதா புள்ள இது?" என்றார்.

சந்தையில் பத்துச் சாக்குக்கு நடுவில் தன் சாக்கு தெரியவேண்டும் என்று அவள் போடுகிற தையல் அது. கருவாட்டுச் சிப்பம் கட்டி வருகிற நூலை உரித்து, கோணி ஊசியில் கோத்துப் போடுவாள். பெல்ட்டில் போட்டதும் ஞாபகம் இருந்தது. தோல் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து, ஊசி விரலில் ஏறி ரத்தம் வந்தது. "அய்யய்யோ, என்னால மதினிக்குக் காயமாயிருச்சே" என்று அவன் விரலைப் பார்த்துச் சொன்னதும், பொரித்த வாளைக் கருவாட்டைத் தின்றுகொண்டே சொன்னதும் ஞாபகம் இருந்தது. அப்புறம் ஒரு நாள், பெல்ட்டு எங்கே என்று அவளே கேட்டாள். வயித்த இறுக்குது மதினி, தூக்கிப் போட்டுட்டேன் என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"நான் தச்சதுதான்" என்றாள் வியாகுலம்மாள். "எங்க வீட்டுக்காரருக்குத் தைக்கல."

மறுநாள் காலையில் பெல்ட்டும் சாக்குமாக ஸ்டேஷனில் நின்றாள். கூடவே மைதீன் பிச்சை. ஏட்டு மலைச்சாமி வழக்கம்போல மூக்கைப் பொத்தினார்.

"இன்னைக்கு எங்கயும் பொணம் இல்லையே தாயி."

"இருக்கு ஏட்டய்யா. நீங்க எழுதி மூடுனது. தொறங்க."

சும்மா திறந்துவிடுவார்களா? முடிந்துபோன கேஸ், ஆள் மாறிப்போச்சு, ஒரு தையலை வைத்துக்கொண்டு எவனைப் பிடிக்கச் சொல்கிறாய் என்று அலைய விட்டார்கள். அவள் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டு ஸ்டேஷன் வாசலிலேயே கடை போட்டாள். கருவாட்டைப் பரப்பி வைத்து வெயில் ஏற ஏறத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் புதிதாக வந்த இன்ஸ்பெக்டரே வெளியே வந்து, "முதல்ல இத எடு, உள்ள வந்து சொல்லு" என்றார். சொன்னாள். அவர் அந்த வாரமே ராயப்பராஜைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். பெல்ட் என்னுடையது இல்லை என்றான். ராயப்பன் இடுப்பில் இந்தத் தையலைத் தினம் பார்த்திருக்கிறேன் என்று தோல் மண்டியில் கணக்கு பார்த்த பக்ருதீன் வந்து சொன்னார். அப்படியானால் திருட்டுப் போனது என்றான். வயிற்றை இறுக்கியதாக மதினியிடம் சொன்னாயே என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும், வாசல் பக்கம் பார்த்தான்.

அவன் போட்ட கணக்கு ஒன்றுதான். அண்ணன் பிணத்துக்குத் தன் கைலியையும் பெல்ட்டையும் கட்டிவிட்டால் ஜமாத்தார் வந்து எடுத்து, பொழுது சாய்வதற்குள் அடக்கிவிடுவார்கள். வேதக்காரத் தெருவிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. துணிக்கு அடியில் ஒரு கை கழுவும் என்பதை மட்டும் அவன் நினைக்கவில்லை.

கபரைத் தோண்ட வேண்டும் என்று உத்தரவு வந்தபோது பேகம்பூரில் சத்தம் கிளம்பியது. சுன்னத்து இல்லாதவன் என்று தெரிந்தே நம் மண்ணில் எப்படி அடக்கலாம் என்று மைதீன் பிச்சையை நடுவில் நிறுத்திக் கேட்டார்கள்.

"தெரிஞ்சுதான் அடக்குனேன்" என்றார். "மன்னிப்புக் கேக்கச் சொல்லாதீங்க, வராது. அடுத்த மையத்துக்கு வேற ஆளு இருந்தா வச்சுக்கங்க. என்னைக் கூப்புட்டா வாரேன்."

கூப்பிடமாட்டோம் என்றார்கள். மழைக்காலத்தில் குளத்தில் ஊறிய மையத்து ஒன்று வந்ததும், ஆள் அனுப்பினார்கள். அவரும் போனார்.

தோண்டுகிற அன்றைக்குத் தாசில்தார், டாக்டர், ஜமாத்தார் எல்லாரும் நின்றார்கள். பொம்பளை உள்ளே வரக்கூடாது என்றார்கள். சுவருக்கு வெளியில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று பார்த்தாள் வியாகுலம்மாள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மைதீன் பிச்சை அடையாளத்துக்கு நட்டு வைத்த இரண்டு கற்கள் அப்படியே இருந்தன. எலும்பை எடுத்து வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார்கள். இடது பாதம் வந்ததும் டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

"இதுதான்" என்றாள். ஒன்பது வருசமாக 'இது இல்ல' என்றே சொல்லிப் பழகிய வாய்.

மதுரை கோர்ட்டில் ராயப்பராஜ் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மண்டையோடு பேசியது, பெல்ட் பேசியது, மைதீன் பிச்சை கூண்டில் ஏறிப் பேசினார். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். வெளியே கூட்டி வரும்போது அவன், "மதினி, நீங்களா இப்படி?" என்றான்.

"நான் தச்சுக் குடுக்கும்போது நல்லாத்தான இருந்துச்சு, கொழுந்தனாரே" என்றாள் அவள்.

எலும்பைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நேராகக் கோயிலுக்குக் கொண்டு போய்ப் பீடத்துக்கு முன்னால் இறக்கினாள்.

"சாமி, உடம்பு கேட்டீங்க. கொண்டாந்துட்டேன்."

சாமியார் கறுப்பு உடுப்புப் போட்டுப் பூசை வைத்தார். துக்கமணி அடித்தது. கோலார்க் கதையைச் சொன்ன வாய்களெல்லாம் அன்று செபம் சொல்லின. பூசை முடிந்ததும் அவளே தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கழற்ற வந்த பெண்டுகளை, "ஒங்க கை வேணாம்" என்று தள்ளிவிட்டாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். அதற்கு முந்தின வாரம்தான் வியாபாரியின் ஆள் மறுபடி வந்திருந்தான். ராயப்பராஜின் மச்சினன்மார் அவனைக் கூட்டி வந்திருந்தார்கள். இனி என்ன தடை, கேஸும் முடிந்தது, எல்லாருக்கும் நல்லது என்று பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.

பாதை பிரிகிற இடத்தில் வியாகுலம்மாள் நின்றாள். வலது பக்கம் கல்லறைத் தோட்டம். இடது பக்கம் அவர்கள் தோட்டம்.

"இப்படித் திருப்புங்க" என்றாள்.

தூக்கியவர்கள் முழித்தார்கள். "அம்மா, மந்திரித்த மண்ணில்தானே வைக்க வேண்டும்" என்றார் சாமியார்.

"தீர்த்தம் ஒங்க கையிலதான இருக்கு சாமி. எந்த மண்ணுல தெளிச்சாலும் மந்திரிச்ச மண்ணுதான். அவரு ஒம்பது வருசம் மந்திரிக்காத எடத்துல நிம்மதியாத்தான் கெடந்தாரு. நீங்க வாரதா இருந்தா வாங்க. இல்லாட்டியும் நான் போறேன்."

மச்சினன்மாரில் ஒருவன் குறுக்கே வந்தான். "கெணத்துப் பக்கம் பொணத்த வச்சா நாளைக்கு எவன் வாங்குவான் இந்த நெலத்த?"

"அதுக்குத்தான்" என்றாள்.

கிணற்று மேட்டில் குழி ஏற்கெனவே வெட்டியிருந்தது. மண்வெட்டியோடு மைதீன் பிச்சை அங்கே நின்றுகொண்டிருந்தார். காதர் பீவி சற்றுத் தள்ளி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். குழிக்குள் இறங்கிப் பெட்டியை வாங்கிக் கிடத்தியது மைதீன் பிச்சைதான். ஒருமுறை அடக்கிய கை, இடம் தெரியும். மண் தள்ளுகிற நேரத்துக்கு, தீர்த்தச் செம்போடு சாமியாரும் வந்து சேர்ந்தார். அவர் வந்ததைப் பார்த்துத் தெருவும் வந்தது.

வியாகுலம்மாள் மெழுகுவத்தியை ஏற்றிக் கல்லறை மேல் ஊன்றினாள். கூட்டத்தின் கடைசியில் வியாபாரியின் ஆள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஒங்க மொதலாளிகிட்டச் சொல்லுங்க அப்பு" என்றாள், எல்லாருக்கும் கேட்க. "கஸ்பாரு திரும்பி வந்துட்டாரு, தோட்டத்துலதான் இருக்காரு. கையெழுத்து வேணும்னா அவருகிட்டயே வந்து கேட்டுக்கிடட்டும்."

சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வியாழக்கிழமை, சந்தை நாள். மத்தியான பஸ் இன்னும் போயிருக்காது.